கூத்து வாத்தியாரோடு: செய்யாறு முதல் செஞ்சி வரை

வெள்ளி, செய்யாறு பக்கம்

இன்று இரவு கூத்து ஒரு கருமாதி வீட்டில். செய்யாறு, வந்தவாசி, ஆரணிப் பக்கத்துக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதே இல்லை. நிறைவாக வாழ்ந்து போனவர்களுக்குக் காரியத்தன்று இரவு 'கர்ண மோட்சம்' வைப்பது இங்கே வழக்கம். கர்ணன் மோட்சம் போவதை வீட்டார் விடிய விடிய விழித்திருந்து பார்த்தால் போனவரும் கரையேறுவார் என்று நம்பிக்கை.

நான் வந்திருப்பது வாத்தியாருக்காக. எழுபதைத் தாண்டியவர். "என் பேரப் போடாத, ஜமா பேரையும் போடாத, ஆட்டத்தப் பத்தி எழுது" என்று சொல்லித்தான் கூட வர ஒத்துக்கொண்டார். அதனால் இங்கே அவர் வாத்தியார்தான், ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், எல்லாரும் கூப்பிடுவதும் அப்படித்தான். துரியோதனனும் கர்ணனுமாகக் கட்டை வேஷம் (கிரீடம், புஜக்கட்டை வைத்த பெரிய வேஷம்) கட்டியே ஆயுசில் பெரும் பங்கு போயிருக்கிறது. முழங்கால் தேய்ந்து, கிறுக்கி என்கிற வேகச் சுற்றைச் சுற்ற முடியாமல் போனதும் வேஷத்தை மாணவனிடம் கொடுத்துவிட்டுப் பின்பாட்டுக்கு வந்துவிட்டார்.

பின்பாட்டு தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. கூத்துக் களரியில் ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை, தாளம் எல்லாம் பின்னால். வேஷக்காரர் ஒரு அடியைப் பாடி நிறுத்தியதும் பின்னால் இருப்பவர்கள் அதே அடியை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். அந்த இடைவெளியில்தான் வேஷக்காரர் ஆடுவார், சுற்றுவார், மூச்சு வாங்குவார். தலையில் கிரீடம், தோளில் புஜக்கட்டை, மார்பில் பதக்கம், கன்னத்தோரம் கன்னக்கதுப்பு, இடுப்பில் கனத்த பாவாடை, காலில் சலங்கை. இவ்வளவு சுமையோடு ஒரு ஆள் ராத்திரி முழுக்கப் பாடி ஆட முடிகிறது என்றால், பாதிப் பாட்டைப் பின்னால் ஒருவர் சுமக்கிறார் என்று அர்த்தம்.

வீட்டு வாசலில் பந்தல். ஒரு ஓரத்தில் நாற்காலி மேல் இறந்த பெரியவரின் படம், மாலை, பக்கத்தில் குத்துவிளக்கு. பத்து மணிக்கு மேல், கூத்தை அறிவித்துச் சிரிக்க வைக்கும் கட்டியங்காரன் வந்தார். இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னால் கர்ணன் விருத்தம் பாடினான். மகாபாரதக் கர்ணனை நாம் போர்க்களத்தில்தான் அதிகம் நினைக்கிறோம். இந்தக் கூத்தில் ராத்திரியின் பெரும்பகுதி அவன் வீட்டுக்குள் போகிறது. மறுநாள் சாகப்போகிறோம் என்று தெரிந்தவன் பெண்டாட்டி பொன்னுருவியிடம் விடைபெற வருகிறான். அவளோ, குலம் தெரியாதவனுக்கு வாழ்க்கைப்பட்டோமே என்று வருஷக்கணக்காக மனசுக்குள் புகைந்தவள். அவன் யார் பிள்ளை என்ற உண்மை தெரிய வரும்போது அவனை நிறுத்தி வைக்க நேரம் இல்லை. பெண் வேஷம் கட்டியவர் அந்த இடத்தில் பாட்டை விட்டுவிட்டு வெறும் வசனத்தில் பேசினார். பந்தலில் சத்தமே இல்லை.

நான் சொல்ல வந்தது கடைசிக் கட்டத்தை. மூன்றரை மணி இருக்கும். களத்தில் விழுந்து கிடக்கும் கர்ணனின் தலையைக் குந்தி மடியில் எடுத்து வைத்துப் புலம்புகிறாள். இறந்தவரின் மனைவி முன்வரிசையில் பாய் மேல் உட்கார்ந்திருந்தார். அதுவரை வந்தவர்களுக்குக் காபி கொடுக்கச் சொல்லி மருமகளை விரட்டிக்கொண்டிருந்தவர், அப்போதுதான் அழ ஆரம்பித்தார். வாத்தியார் பின்னால் நின்றபடி இடது கையை லேசாகத் தாழ்த்தினார். ஆர்மோனியம் அடங்கியது. பின்பாட்டு முணுமுணுப்புக்கு இறங்கியது. மிருதங்கம் நின்றேவிட்டது. குந்தியின் ஒப்பாரியும் அந்த அம்மாவின் அழுகையும் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டன. பிறகு அவர் மூக்கைச் சிந்தி முந்தானையால் முகத்தைத் துடைத்ததும் கை மேலே போனது, பாட்டு எழுந்தது.

விடிந்ததும் டீக்கடையில் கேட்டேன். "வூட்டுக்காரங்க அழச்சொல்ல நாம பாட்ட எறக்கணும். இன்னாத்துக்குக் கூப்பிட்டாங்க நம்பள? அதுக்குத்தான. நாம பாடிக்கினே இருந்தா அவங்க எங்க அழுவாங்க?" என்றார். "இது முன்னாடி ஆடினப்ப எனக்குத் தெரியாது தம்பி. கர்ணனாப் படுத்துக்கினு இருப்பேன், கண்ண மூடிக்கினு. அழுவுற சத்தம் கேட்டா, நாம நல்லா ஆடிட்டோம்னு நெனப்பேன். அவ்ளோதான்."

சனி, செஞ்சிக்குப் போகும் வழி

தூக்கம் வேனில்தான். வந்தவாசி தாண்டும் வரை யாரும் பேசவில்லை. கட்டைப் பெட்டிகள் காலடியில். கிரீடங்களைப் பழைய புடவையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறார்கள்.

நேற்று சாயங்காலம் புரிசை வழியாக வந்ததை எழுத விட்டுப்போயிற்று. தலைமுறை தலைமுறையாகத் தம்பிரான் குடும்பம் கூத்தாடும் ஊர். நடேசத் தம்பிரான், கண்ணப்பத் தம்பிரான் என்ற பெயர்களைச் சென்னை நாடகக்காரர்களும் மரியாதையோடு சொல்வார்கள். 1977இல் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கிய ந. முத்துசாமிக்கு நாடகம் என்றால் என்ன என்று காட்டிக்கொடுத்தது இந்த ஊர்க் கூத்து. இன்னொரு பக்கம் காஞ்சிபுரம் புஞ்சரசந்தாங்கலில் பெ. ராஜகோபால் 2002 முதல் 2020 வரை நடத்திய குருகுலத்தில் பள்ளிப் படிப்போடு பெண் பிள்ளைகளும் கூத்துக் கற்றார்கள். ஆண்களே கட்டிவந்த வேஷங்களைப் பெண்கள் கட்டினார்கள். இதைப் பற்றி வாத்தியார் என்ன நினைக்கிறார் என்று கேட்டேன். "பார்த்தேன். ஒரு பொண்ணு கிறுக்கி சுத்துச்சி பாரு, தாளம் ஒரு மயிரிழை பெசகல. அடவு சரியா இருந்தா ஆம்பள இன்னா பொம்பள இன்னா" என்றார். இந்த வயதில் இவ்வளவு தெளிவாகச் சொல்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

செஞ்சிக் கோட்டை தெரிய ஆரம்பித்ததும் ஜமாவில் இருந்த மூத்தவர்கள் ஒரு திசை பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அந்தப் பக்கம் மேலச்சேரி. திரௌபதி அம்மன் கோயில்களுக்கெல்லாம் ஆதி இடம் அதுதான் என்பது இந்தப் பகுதி மக்களின் நம்பிக்கை.

நாங்கள் இறங்கிய ஊரில் பாரத விழா. மத்தியானம் பாரதப் பிரசங்கம், வில்லிபாரதப் பாட்டைச் சொல்லிப் பொருள் விரிப்பார்கள். ராத்திரி அதே கதை கூத்தாக. இந்த ஊரில் கூத்து துகிலில், அதாவது திரௌபதி துகிலுரிதலில், தொடங்குகிறது.

ஞாயிறு

துகில் முடிந்து படுக்கும்போது வெயில் ஏறிவிட்டது. எழுந்து, தொட்டியில் குளித்துவிட்டு எழுதுகிறேன்.

வேஷம் கட்டும் இடம் பள்ளிக்கூட வராந்தா. துரியோதனன் கட்டுகிற மாணவனுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். தேங்காயெண்ணெய் தடவி, கண்ணாடியை முழங்காலில் சாய்த்து, தானே முகத்தை எழுதிக்கொண்டான். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. வாத்தியார் வந்தது கடைசியில், புஜக்கட்டை கட்டும்போதுதான். கயிற்றை அக்குளுக்குக் கீழே கொடுத்து முதுகில் இழுத்து முடிந்தார். "மூச்ச இழு" என்றார். இழுத்ததும் இன்னும் கொஞ்சம் தளர்த்தினார். சட்டை போடாமல் நின்ற அவர் தோளைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் கயிறு பட்டுப் பட்டுத் தோல் கறுத்து, விரல் வைத்தால் பதியும் அளவுக்குப் பள்ளம்.

நான் பல நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன். வேஷம் கட்டினால் துரியோதனனாகவே மாறிவிடுவீர்களா?

"துரியோதனனா மாறிட்டா தாளத்த யாரு கேக்கறது?" என்றார். பிறகு விரல் விட்டுச் சொன்னார்: பெஞ்சுக் கால் ஆடுகிறதா என்று ஒரு கண், கிரீடக் கயிறு தளர்கிறதா என்று ஒரு நினைப்பு, எதிரில் பெண் வேஷக்காரருக்குத் தொண்டை கட்டியிருக்கிறதா, முன்னால் குழந்தை எதுவும் களரிக்குள் தவழ்ந்து வருகிறதா. "இதையெல்லாம் பாத்துக்கினே சனத்துக்குத் துரியோதனன் மட்டும் தெரியணும். அதுதான் தொழிலு."

நடிப்பைப் பற்றி நான் படித்த பெரிய வாதங்கள் எல்லாம் இந்த வராந்தாவில் ஒரு கேள்வியில் முடிந்துபோயின. ஆனால் அன்று ராத்திரியே அவர் சொன்னதற்கு வெளியிலும் ஒன்று நடந்தது. துச்சாதனன் திரௌபதியின் சேலையில் கை வைக்கும் நேரம் வந்தபோது கூத்தை நிறுத்திவிட்டார்கள். கற்பூரம் ஏற்றினார்கள். முகத்தில் சிவப்பு பூசிய துச்சாதனன் கை கூப்பி, "அம்மா தாயே, இது வேஷம், என்னால் ஆவது ஒன்றுமில்லை, பொறுத்துக்கொள்" என்ற பொருளில் வேண்டினான். ஊர்ப் பெண்கள் எழுந்து நின்று கும்பிட்டார்கள். சேலையைத் தொட்டதும் அவனுக்கு உடம்பு நடுங்கி, இரண்டு பேர் இடுப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. பின்பாட்டில் வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டு 'கோவிந்தா' என்று குரல் கொடுத்தார்.

காலையில் இதைக் கேட்டபோது தயக்கமே இல்லாமல் பதில் வந்தது. "பயம் வேற, மாறறது வேற. நான் அந்த எடத்துல பயந்துக்கினுதான் ஆடினேன், கடைசி வரைக்கும். பயம் போன அன்னைக்கு வேஷத்த வுட்டுடணும்."

திங்கள்

அர்ஜுனன் தபசு. ஐம்பது அறுபது அடிப் பனைமரம் நட்டு, படிக்குக் கட்டை அடித்து, உச்சியில் ஒருவர் உட்காரும் அளவுக்குப் பரண். அர்ஜுனன் வேஷக்காரர் நேற்று முழுக்க விரதம். விடியற்காலையில் ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டு ஏறினார். மரத்தடியில் குழந்தை வரம் கேட்டு வந்த பெண்கள் ஈரப் புடவையோடு முந்தானை விரித்துக் காத்திருந்தார்கள். உச்சிக்குப் போனதும் மேலிருந்து எலுமிச்சம்பழம், வில்வம், விபூதி எல்லாம் விழுந்தன. முந்தானையில் பழம் விழுந்த ஒரு பெண் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மாமியார் போலிருந்தவர் அவர் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

மரத்தைச் சுற்றி எல்லாரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். வாத்தியார் மட்டும் தலையைக் குனிந்து, ஒரு கையை மரத்தின் மேல் வைத்துக்கொண்டு பின்பாட்டுப் பாடினார். ஏறுகிறவர் குரலில் மூச்சு வாங்குவது கேட்டால் தன் அடியை இன்னொரு முறை பாடுகிறார். மேலே அவர் அடுத்த படியில் நிதானமாகக் கால் வைக்க அதுவே போதும். அண்ணாந்து பார்த்தால் பாட்டு விட்டுப்போகும் என்கிறார்.

வரம் பலிக்குமா என்ற விவாதத்துக்குள் நான் போகப்போவதில்லை. மேலே ஏறிய மனிதர் கீழே வந்ததும் அவர் காலில் விழுந்த பெண்கள், அவர் பகலில் கட்டிட வேலைக்குப் போகிறவர் என்று தெரிந்தேதான் விழுந்தார்கள்.

புதன்

குறவஞ்சி, விராட பர்வம் இரண்டும் நன்றாக நடந்தன. மாடுபிடிச் சண்டைக்கு ஊர் மாடுகளையே ஓட்டி வந்தார்கள், பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். இன்று பகலில் வெயில் தாங்காமல் கோயில் வேப்பமரத்தடியில் எல்லாரும் படுத்துக் கிடந்தோம். வாத்தியார் தூங்கவில்லை. பெட்டியிலிருந்து நாடக நோட்டுகளை எடுத்துக் காட்டினார். சில அவர் நைனா கையால் எழுதியவை. ஒன்றிரண்டு அச்சுப் புத்தகங்கள், சென்னை இரத்தின நாயகர் வெளியீடு, அட்டை போய் ஓரம் கரையான் தின்றது. அவருக்குப் படிப்பு அஞ்சாவதோடு சரி. ஆனால் எந்தத் தரு, அதாவது கூத்துப் பாட்டு, எந்த ராகத்தில், எந்த இடத்தில் அச்சில் பிழை இருக்கிறது என்பதெல்லாம் வாயில் இருக்கிறது.

மேடை நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளைப் பற்றிப் பேச்சு வந்தது. 1867இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். இளமையில் எமன், சனீஸ்வரன் போன்ற வேஷங்களைப் பயங்கரமாகக் கட்டியவர். அவர் எமனைப் பார்த்து அதிர்ந்த ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைந்துபோனதாகவும், அந்த வேதனையில் வேஷம் கட்டுவதையே விட்டு நாடகம் எழுதுவதற்கும் சொல்லிக்கொடுப்பதற்கும் வந்துவிட்டதாகவும் நாடக உலகில் ஒரு செய்தி வழங்குகிறது. பிள்ளைகளைச் சேர்த்துப் பாடம் சொல்லி, ஒரு தலைமுறை நடிகர்களையே உண்டாக்கினார். பிற்காலத்தில் பக்கவாதம் வந்து குரல் போயிற்று. 1922இல் புதுச்சேரியில் காலமானார்.

சுவாமிகள் கதை வாத்தியாருக்கு நன்றாகவே தெரியும். மேடை நாடகம் வேறு, கூத்து வேறு என்று பிரித்துப் பேசுகிறவரில்லை அவர். "அவரு ஒரே நாள்ல வுட்டாரு. எனக்கு மூணு வருசம் ஆச்சி" என்றார். முழங்கால் வீங்கிய பிறகும் ஊசி போட்டுக்கொண்டு துரியோதனன் கட்டியிருக்கிறார். சனம் கை தட்டியது. ஆனால் மாணவன் பக்கத்தில் சின்னச் சின்ன வேஷமே கட்டிக்கொண்டு வயதாகிக்கொண்டிருந்தான். வீட்டம்மா ஒருநாள் கேட்டாராம்: "அந்தப் புள்ளைக்கு எப்ப குடுக்கப்போற? அவனுக்கும் முட்டி தேஞ்சப்புறமா?" அடுத்த வாரம் கிரீடத்தை மாணவன் தலையில் தானே கட்டினாராம். சொல்லிவிட்டு நோட்டுகளை மூடிப் பெட்டியில் வைத்தார்.

அந்த வீட்டம்மாவை நான் பார்த்ததில்லை, பார்க்க வேண்டும். பெரிய நடிகர்களைப் பற்றி எழுதும்போது அவர்கள் எந்த வேஷத்தில் ஜொலித்தார்கள் என்றுதான் நாம் எழுதுகிறோம். எப்போது, யாருக்கு வழிவிட்டார்கள் என்று எழுதுவதில்லை. சினிமாவிலும் மேடையிலும் வழிவிடாமலே நின்றுபோனவர்களால் எத்தனை பேர் வெளியே தெரியாமல் போனார்கள் என்பது கணக்கிலேயே வராது. எனக்கு இது முக்கியமாகப் படுகிறது.

சனி

அபிமன்யு சண்டையன்று மழை வந்து ஒரு மணி நேரம் நின்றது. நேற்று மறுபடியும் கர்ண மோட்சம். கருமாதி வீட்டில் பார்த்த அதே கூத்து, அதே ஆட்கள். இங்கே மைக், டியூப்லைட், ஐஸ்கிரீம் வண்டி, மூவாயிரம் பேராவது இருப்பார்கள். பொன்னுருவி அன்று வெறும் வசனத்தில் பேசிய இடத்தை இங்கே முழுத் தருவாகப் பாடினார். கூட்டம் பெரிது, வசனம் கடைசி வரிசைக்குப் போகாது என்று வாத்தியார் முன்னமே சொல்லிவிட்டாராம். குந்தி அழும்போது அவர் கை தாழவேயில்லை. யாருடைய வீட்டுச் சாவும் இல்லை இது, ஊர் முழுக்க அழட்டும் என்று பாட்டை ஏற்றிக்கொண்டே போனார். அந்தக் குரல் எழுபது வயதுக்காரரின் குரல் என்று நம்ப முடியாது.

ஞாயிறு, படுகளம்

பதினெட்டாம் போர் ராத்திரி முடிந்து, காலையில் கோயில் திடலுக்கு ஊரே வந்துவிட்டது. மண்ணைக் குழைத்து மல்லாந்து கிடக்கும் துரியோதனன் உருவம், ஆள் உயரம் போல பல மடங்கு. வேஷம் கலைக்காத பீமனும் துரியோதனனும் அதைச் சுற்றி ஓடி ஓடிச் சண்டை போட்டார்கள். மாணவனின் முகத்தில் எழுதிய வண்ணம் வியர்வையில் வழிந்து கழுத்துக்கு இறங்கியிருந்தது. ராத்திரி முழுக்க ஆடிய கால் அது, பீமன் துரத்தத் துரத்த உருவத்தின் மார்பிலேயே ஏறி ஓடினான். பீமன் தொடையில் அடித்ததும் உள்ளே வைத்திருந்த சிவப்பு நீர் பீறிட்டது. அதைத் தொட்டு திரௌபதி கூந்தலை முடிந்தபோது குலவைச் சத்தம் காதை அடைத்தது. துகிலன்று விரித்த கூந்தல். பெருந்திருவாள் வந்து புருஷன் மேல் விழுந்து ஒப்பாரி வைத்தாள். சாயங்காலம் தீமிதி.

மாணவன் தரையில் சாய்ந்ததும் ஊர்ப் பெரியவர்கள் ஓடிவந்து விசிறினார்கள், காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். வாத்தியார் கூட்டத்துக்குள் போகவில்லை. மிருதங்கக்காரரின் விரலில் கட்டுத்துணி சுற்றிக்கொண்டிருந்தார், தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தது. முன்னால் ஆடுவது ஞாபகம் வருகிறதா, திரும்ப ஒரு தடவை கட்டத் தோன்றுகிறதா என்று கேட்டேன்.

"தோணாம இருக்குமா? தெனம் தோணும். படுகளத்துல அவன் மார்ல ஏறி ஓடச்சொல்ல என் காலு இங்க தன்னால தூக்குது" என்றார். மறைக்கவில்லை. "அதுக்காக அவன் பாட்ட நான் முந்திப் பாடிடக் கூடாது பாரு. அந்த ஆச எல்லாம் தாளத்துல போட்டுடணும்."

வேனில் கணக்குப் பார்த்துப் பங்கு பிரித்தார்கள். பிறகு வாத்தியார் மாணவனிடம் ராத்திரி ஆட்டத்தை அலசினார்: இரண்டாவது கிறுக்கி ஒரு சுற்று அதிகம், கூட்டம் கேட்டாலும் சுற்றாதே, மூன்றாம் ஜாமத்துக்குக் கால் வேண்டும். அஸ்வத்தாமனோடு பேசும் விருத்தத்தில் கடைசி அடியை விழுங்கிவிட்டாய். மாணவன் முகத்தில் பாதி எண்ணெயும் பாதி வண்ணமுமாக "சரி வாத்தியாரே, சரி வாத்தியாரே" என்று கேட்டுக்கொண்டே வந்தான்.

நாளை ராத்திரி ஆரணிப் பக்கம் ஒரு கருமாதி. தாளம் போடும் பையன், பத்தாவது முடித்துவிட்டு ஜமாவில் சேர்ந்தவன், பின் இருக்கையில் இருந்தான். வாத்தியார் திரும்பி அவனைப் பார்த்தார்.

"டேய், நாளைக்கு பொன்னுருவி தருவுக்குப் பின்பாட்டு நீ எடு."

"எத்தன கட்டைல வாத்தியாரே?"

"உன் தொண்டைக்கு எது வருதோ அதுல எடு. ஆர்மோனியம் உன் பின்னாடி வரும்."